கார் ஏற நீ போட்ட சரிவு

அன்பு அரவிந்தனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அங்கே தோகாவில் நீயும் நிஷாவும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன், ஆனால் மனசு மட்டும் உலையாகக் கொதிக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதி, அடுத்த வீட்டு விஜியிடம் கொடுத்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லப்போகிறேன். முழுதாகப் படி.

புயல் நாளை மத்தியானம் கரையைக் கடக்கும் என்கிறார்கள். திருவேற்காட்டில் காலையிலேயே பால் பாக்கெட் இல்லை, பிரெட் இல்லை, மெழுகுவத்தி இல்லை. உன் அப்பா ஒரு கை கொடுப்பார் என்று பார்த்தால், டிவி முன்னால் உட்கார்ந்து புயல் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார், அது தெரிந்து நான் என்ன செய்ய? மொட்டை மாடித் தூம்பில் அடைத்திருந்த இலையை நான்தான் அள்ளினேன், முருங்கைக் கிளையை ஆள் விட்டு வெட்டினேன், டிரம்மில் தண்ணீர் பிடித்தேன். மோட்டாரைக் கழற்றி மேலே வைக்க மட்டும் எழுந்து வந்தார், அதற்கே இடுப்பு பிடித்துக்கொண்டதாம்.

இதெல்லாம் பெரிதில்லை. தெருக்கோடிப் பள்ளத்தில் இருக்கிற கெங்கம்மாள் அக்காவை நினைத்துத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வீட்டுக்காரர் துலுக்கானம் அண்ணன் பக்கவாதம் வந்ததிலிருந்து கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடக்கிறார், போன வருஷ மழையில் கட்டில் கால் முழுக்க முழுகிவிட்டது. அவர்கள் வீட்டுத் தண்ணீர் நமக்கு முந்தின வீட்டு ராஜசேகரன் வாசலையும் நம் வாசலையும் தாண்டித்தான் பெரிய கால்வாய்க்குப் போக வேண்டும். ராஜசேகரன் தன் வாசல் கால்வாயை மூடிப் படிக்கட்டு கட்டினானே, அடைப்பு அங்கேதான் என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று தூர்வார ஆட்கள் வந்தபோது தெருவே கேட்கக் கத்தினேன், உன் ஊட்டு படிக்கட்டுக்காக ஒரு மனுஷன் தண்ணியில கெடக்கணுமா என்று. நீள மூங்கிலை விட்டுக் குத்தினார்கள், அவன் வாசலில் வழுக்கிக்கொண்டு போன மூங்கில் நம் வாசலில் வந்து நின்றுவிட்டது. அந்த ஆள் நிமிர்ந்து, அடைப்பு உங்க ஊட்டாண்டதாம்மா கீது என்றான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கார் வாங்கிய ஜோரில் நீ போட்டாயே சிமெண்ட் சரிவு, அதன் அடியில் ஒரு சாண் குழாயைப் புதைத்து இது போதும்மா என்றாய். மூன்று வருஷ மண்ணும் பிளாஸ்டிக்கும் அதில் கல்லாக இறுகிக் கிடக்கிறது. உடைத்தால்தான் வழி என்றார்கள். அப்பா, அவன ஒரு வார்த்த கேளு என்றார். கேட்டேன். நீ என்ன சொன்னாய்? பொங்கலுக்கு வந்து பாத்துக்கலாம்மா என்றாய். மழை பொங்கல் வரைக்கும் காத்திருக்குமா?

கெங்கம்மாள் அக்காவிடம் மன்னிப்பு கேட்கப் போனேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, முதல் மழையிலேயே பார்த்துவிட்டாளாம். ஏன்க்கா சொல்லல என்றேன். உம் புள்ள ஆசையா போட்டது, ஊர்ல இல்லாத புள்ளயப் பத்தி உன்னாண்ட வந்து இன்னான்னு சொல்றது கோமளா என்றாள். மூன்று மழைக்குக் கட்டிலுக்குக் கீழே செங்கல் அடுக்கியிருக்கிறாள், வாயைத் திறக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இன்று காலை உடைத்தாகிவிட்டது. கடப்பாரை கொண்டுவந்து முதல் அடி அடித்தது யார் தெரியுமா, அதே ராஜசேகரன். என்னால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இப்போது தண்ணீர் ஓடுகிறது, உன் கார் பலகை போடாமல் வெளியே வராது, வராவிட்டால் போகட்டும். மழை வலுத்தால் அண்ணனைக் கட்டிலோடு தூக்கிவந்து உன் அறையில்தான் படுக்க வைப்பேன்.

நிஷாவுக்கும் பேத்திக்கும் என் ஆசி. மூவருக்கும் அம்மன் துணையிருப்பாள். ஏசி நேராகக் குழந்தை மேல் படும்படி வைக்காதே. இதைப் படித்ததும் எனக்குப் போன் செய்யாதே, முதலில் கெங்கம்மாள் அக்காவுக்குப் பேசு. அவள் அதெல்லாம் ஒண்ணும் இல்ல கண்ணு என்றுதான் சொல்வாள், அதைக் கேட்டதும் வைத்துவிடாதே.

கோபம் தீராத,
உன் அம்மா கோமளா