ஏழாம் எண் கிரேன்

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ சிக்னல் சரியில்லை என்பாய். அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை பழைய துறைமுகத்தில் என் மானம் கப்பலேறியது. அதுதான் இப்போது பூங்கா, அருங்காட்சியகம் என்று ஆகிவிட்டதே. காதில் மாட்டிக் கேட்க ஒரு கருவி தருகிறார்கள். எண்ணை அழுத்தினால் விளக்கம் சொல்லும். அதில் பேசுவது நீதான் என்று யாருக்கும் சொல்லாமல், சித்தியே கண்டுபிடிக்கட்டும் என்று பெருமையாகக் கூட்டிப்போனேன். அம்மா முழங்கால் வலி என்று வரவில்லை, தப்பித்தாள்.

காதை அடைத்துக்கொண்டு பேசினால் நாம் கத்துவது நமக்கே தெரியாது என்பது இந்த எட்டாம் வகுப்பு மேதைக்கு எட்டவில்லை. "பொய்! பச்சைப் பொய்! வாயை மூடு!" என்று கூடமே அதிரக் கத்தியிருக்கிறேன். ஒரு கைக்குழந்தை வீறிட்டது. காவலாளி ஓடிவந்து, "ஐயா, அது ரெக்கார்டு. உங்களுக்குப் பதில் சொல்லாது" என்றார். சுற்றி ஒரே சிரிப்பு. நானும் இளித்துவைத்தேன்.

இப்போது சிரிப்பு வரவில்லை. ஏழாம் எண் கிரேனுக்கு என்ன சொல்லியிருக்கிறாய்? "இங்கே ஒரு தொழிலாளியின் உயிர்கூடப் போனதில்லை." தேன் ஒழுகச் சொல்கிறாய்.

அந்தக் கிரேனின் சங்கிலி அறுந்துதானே உன் சித்தப்பா போனான்? முகத்தைக் காட்டுங்கள் என்று வாசலில் புரண்டு அழுதவள் நீதானே? யாரோ எழுதித் தந்தார்கள், நான் வாசித்தேன் என்பாய். வாய் யாருடையது? வாசிக்கும்போது நாக்கு ஒரு நொடி தடுக்கவில்லையா? அவன் விழுந்த இடத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்து, போட்டோ எடுக்கும் இடம் என்று எழுதியிருக்கிறார்கள். ஜோடி ஜோடியாக நின்று பல்லைக் காட்டுகிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு நீ சொன்னதுதானே தெரியும்!

சித்தி கத்தவில்லை. அதே எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக் கேட்டாள். பிறகு கருவியைக் கழற்றிவிட்டு, "அப்போ அவர் எங்கே செத்தாராம்?" என்று கேட்டாள். நான் இரண்டு கருவிகளையும் வாங்கிக்கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன்.

உன் மேலதிகாரியிடம் போ. அந்த வரியை எடுக்கச் சொல். முடியாது என்றால் உன் குரலை எடுக்கச் சொல். வேலை போய்விடும் என்றால் வீட்டுக்கு வா, நாங்கள் இருக்கிறோம். அடுத்த மாதம் அவன் நினைவு நாள். சித்தி மறுபடி அங்கே போகணும் என்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு. திட்டினேன் என்று அழாதே. நீ நன்றாக இருக்கணும்.

திரும்பும்போது பஸ்ஸில் சித்தி சொன்னாள், "அந்தப் பொண்ணோட குரல் நம்ம வாயாடி குரல் மாதிரியே இருக்கு, இல்ல?" எல்லா மெஷினும் அப்படித்தான் பேசும் என்றேன். உன்னைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவளிடம், அது நீதான் என்று மட்டும் நான் சொல்லவில்லை.

உன் அப்பா