ஏழு என்று எழுதியவன்

மார்ச் 9

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கு நலம். அக்காவுக்கு இருமல் விட்டதா? மருந்து குடிக்கச் சொன்னால் உங்களையே முறைப்பாள். ஆனாலும் விடாதீர்கள்.

உங்கள் குழு செய்த விமானத்தை நேற்று முதல்முறையாகப் பக்கக் காற்றில் செங்குத்தாக இறக்கிப் பார்த்தேன். உயரத்தில் அது தங்கம். இறக்கை நுனியில் இருக்கும் எஞ்சின்களை வானம் பார்க்கத் திருப்பிவிட்டால் ஓடுபாதையே வேண்டாம், நின்ற இடத்தில் நிற்கிறது. தரையைத் தொட இரண்டு ஆள் உயரம் இருக்கும்போதுதான் குணம் மாறுகிறது. ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் காதில் விழாத மாதிரி இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளினால், எல்லாவற்றையும் சேர்த்து வைத்துச் சாய்கிறது. அதைப் பிடிக்க இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். நான் அதைத் துரத்த, அது என்னைத் துரத்த, எப்படியோ இறங்கினோம்.

ஓட்டும் சிரமத்துக்குச் சோதனை விமானிகள் நாங்கள் போடும் மதிப்பெண் தலைகீழ் என்று அக்கா சிரிப்பாளே, ஒன்று வாங்கினால் முதல் தரம், பத்து வாங்கினால் சங்கு என்று. நான் ஏழு போட்டிருக்கிறேன். அறிக்கை வருவதற்கு முன் என் மூலமாகவே உங்களுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

உங்கள் மச்சினன்

மார்ச் 17

அன்புள்ள மாப்பிள்ளை,

இருமல் போய்விட்டது. முறைப்பு அப்படியே இருக்கிறது.

உன் ஏழு இங்கே யாரும் எதிர்பார்க்காதது. சிமுலேட்டரில் ஓட்டியவர்கள் மூன்றுதான் கொடுத்தார்கள். மூன்றுக்குள் இருந்தால்தான் ஜூனில் தீவுகளின் மருத்துவச் சேவைக்கு ஒப்படைக்க முடியும்.

என் அண்ணன் விஷயம் உனக்குத் தெரியும். இருதயம் பழுது, ஆனாலும் தீவுப் பள்ளிக்கூடத்தை விட்டு வரமாட்டேன் என்கிறார். "தம்பி பிளேன் செய்றான், கூப்பிட்டா வாசல்லயே வந்து எறங்கும். நான் எதுக்குடா கரைக்கு வரணும்?" என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். இதை உன்னை நெருக்குவதற்காக எழுதவில்லை. எழுதிவிட்டேன், அடிக்க மனம் வரவில்லை.

இன்னொரு முறை பறந்து பார். உன் கையைக் குறை சொல்வதாக நினைக்காதே.

அத்தான்

மார்ச் 29

அன்புள்ள அத்தானுக்கு,

மறுபடியும் பறந்தேன், ஒருமுறைக்குப் பலமுறை. ஏழுதான்.

நேற்று நிர்வாகம் கேப்டனை வரவழைத்தது. எங்கள் எல்லோருக்கும் மூத்த விமானி. பூப்போல இறக்கினார். நின்றவர்கள் கைதட்டினார்கள். இறங்கி வந்தவரின் சட்டையைப் பிழிந்திருந்தால் ஒரு சொம்பு தண்ணீர் தேறும்.

"என்ன சார் போட்டீங்க?"

"மூணு."

"கை நடுங்குதே சார்."

"தரையிலதானே நடுங்குது? மேல நடுங்கலையே."

"மூணுன்னா எங்கயும் நடுங்கக் கூடாது சார்."

அவர் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

எவ்வளவு அழகாக இறக்கினார் என்பதா அத்தான் கேள்வி? அதற்கு என்ன பாடுபட்டார் என்பதல்லவா? தீவில் இறக்கப்போகிறவன் அவரைப் போல ஒரு ஆயுள் பறந்தவனாக இருக்க மாட்டான். பின்னால் ஒரு நோயாளி வேறு படுத்திருப்பார். பெரிய அத்தானை நினைத்துக்கொண்டுதான் பறந்தேன். அவரைப் படுக்க வைத்து இதில் நான் இறங்கமாட்டேன்.

மச்சினன்

ஏப்ரல் 6

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் ஏழையும் கேப்டனின் மூன்றையும் கூட்டத்தில் வைத்தார்கள். இரண்டையும் கூட்டிச் சராசரியாக ஐந்து என்று எழுதலாமே என்றார் ஒருவர். "ஒருத்தன் நீந்துறான், ஒருத்தன் முழுகுறான். சராசரியா ரெண்டு பேரும் மிதக்குறாங்கன்னு எழுதலாமா?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

ஏழு என்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒப்படைப்பு தள்ளிப்போகிறது. என் நாற்காலியும் ஆடுகிறது. ஸ்டிக் சொல்வதை எஞ்சின்கள் உடனே கேட்பதற்கு அடியிலிருந்து திருத்த வேண்டும்.

அண்ணனுக்கு இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

அத்தான்

ஜூலை 2

அன்புள்ள அத்தானுக்கு,

துக்க வீட்டில் உங்கள் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அங்கே சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

நெஞ்சுவலி வந்து படகில் ஏற்றினார்கள், பாதிக் கடலிலேயே பெரிய அத்தான் போய்விட்டார் என்று அக்கா சொன்னாள். அன்று அங்கே காற்று எப்படி இருந்தது என்று விசாரித்தேன். நீங்களும் விசாரித்திருப்பீர்கள். அந்தக் காற்றில் கேப்டன் இறக்கியிருப்பார். நானும் எப்படியாவது இறக்கியிருப்பேன்.

மூன்று என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மனசு ஓயாமல் கேட்கிறது. மறுபடி அதே நாள் வந்தாலும் ஏழுதான் எழுதுவேன் என்பதும் தெரிகிறது. அதுதான் என்னைத் தின்கிறது.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

மச்சினன்

ஆகஸ்ட் 20

அன்புள்ள அத்தானுக்கு,

பதில் இல்லை. "அவரு என்கிட்டயே பேசறதில்லடா, ஆபீஸே கதின்னு கெடக்காரு" என்கிறாள் அக்கா. தொந்தரவு செய்யமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மச்சினன்

நவம்பர் 14

மாப்பிள்ளை,

இரண்டு கடிதங்களும் வந்தன. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் திட்டத்தான் வந்தது. அந்தத் திட்டு உன்னைச் சேராது என்றும் தெரிந்தது. பேனாவை மூடி வைத்துவிடுவேன்.

ஏப்ரலில் அண்ணனிடம் போனில், "லேட்டாகும்ண்ணா" என்றேன். "சரிடா, மெதுவா செய்" என்றார். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

புதுத் திருத்தத்தை விமானத்தில் ஏற்றியாகிவிட்டது. நீதான் பறக்க வேண்டும் என்று நான்தான் கேட்டு வாங்கினேன்.

அத்தான்

டிசம்பர் 3

அன்புள்ள அத்தானுக்கு,

பறந்தேன். இப்போது சொன்னதும் கேட்கிறது. தரையை நெருங்கினாலும் முரண்டு இல்லை, துரத்தல் இல்லை. என் சட்டை காய்ந்தே இருந்தது. உள்ளேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். மெக்கானிக் கண்ணாடியைத் தட்டி, "சார், ஏதாவது ரிப்பேரா?" என்றார்.

ஆனால் காற்று சட்டென்று திசை மாறினால் வாலை இழுக்கிறது. பெடலில் கால் ஓயவில்லை. அபாயம் இல்லை, அலுப்புத்தான்.

அறிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். மூன்று என்று எழுதிவிட்டால் உங்கள் வீட்டுக்கு மறுபடி வரலாம் என்று தோன்றியது. நான்கு போட்டேன். இன்னும் தள்ளிப்போகும் என்று தெரியும்.

மன்னித்துவிடுங்கள்.

மச்சினன்

டிசம்பர் 10

அன்புள்ள மாப்பிள்ளை,

நான்கைப் பார்த்தேன். மூன்று என்று வந்திருந்தால் அடுத்த வண்டியைப் பிடித்து வந்து கேட்டிருப்பேன்: விமானத்தைப் பார்த்துப் போட்டாயா, என் முகத்தைப் பார்த்துப் போட்டாயா என்று. அதன் பிறகு உன் எந்த எண்ணையும் என்னால் நம்பியிருக்க முடியாது.

வால் எந்தப் பக்கக் காற்றுக்கு இழுக்கிறது, எந்த உயரத்தில்? உன் அறிக்கையில் அது போதாது. எழுதி அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பார்ப்போம். அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

அத்தான்