நாற்பத்திரண்டு கட்டு அட்டைப்பெட்டியும் மூன்று கள அறிக்கைகளும்

அனுப்புநர்:
இரா. ஸ்ரீமதி,
உரிமையாளர், ஆஃப்செட் அச்சகம்,
சிவகாசி.

பெறுநர்:
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
விருதுநகர் மாவட்டம்.

பொருள்: 18.09.2024 அன்று சாத்தூர் சாலையில் நடந்த வாகனச் சோதனை – கள அறிக்கையில் ஓட்டுநர் திரு. ச. அன்பரசன் பற்றிய பதிவைத் திருத்தவும், கள அறிக்கைகளுக்கு ஒரே மாதிரிப் படிவம் கொண்டுவரவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. புகார் மனு என்றுதான் இதற்குப் பெயர். ஆனால் தங்கள் காவலர்கள் யார்மீதும் எனக்கு மனத்தாங்கல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் முதல் தவறு என்னுடையது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

2. இருபத்தாறு வருடமாக அச்சகம் நடத்துகிறேன். பட்டாசுக் கம்பெனிகளுக்கு லேபிளும் அட்டைப்பெட்டியும் அச்சடிக்கிறோம். பெட்டிகளைத் தட்டையாக மடித்து, பிரவுன் தாளில் சுற்றிக் கட்டாகக் கட்டுவோம். உள்ளே என்ன அச்சு என்று லோடு இறக்குகிறவருக்குத் தெரிய வேண்டுமே என்று, ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு லேபிளை ஒட்டிவிடுவோம். வண்டியோடு அனுப்பும் சரக்குச் சீட்டிலும் 'காலி அட்டைப்பெட்டி' என்று எழுதுவதில்லை, பட்டாசின் பெயரை மட்டும் எழுதுவோம். சிவகாசியில் யாரும் இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. அதனால் எனக்கும் அதில் தவறு தெரியவில்லை.

3. அன்று சாத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு நாற்பத்திரண்டு கட்டு அனுப்பினேன். தீபாவளி சீசன். எடுத்துச் சென்றது அன்பரசனின் குட்டியானை வண்டி. கட்டுகளின் மேல் நெருப்புக்கு நடுவே பாயும் புலியின் படம், அதன் கீழே 'பத்தாயிரம் வாலா' என்ற எழுத்து. புலி நன்றாகவே வந்திருந்தது. அவ்வளவு நன்றாக வந்திருக்க வேண்டாம் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

4. காலை பதினொரு மணிக்குச் சோதனையில் இருந்த காவலர் திரு. பாலகுரு வண்டியை நிறுத்தினார். அவர் தம் குறிப்பில் எழுதியது: "சரவெடிப் படம் ஒட்டிய 42 கட்டுகள்." இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. வெடிபொருளாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட ஒன்றை நடுரோட்டில் பிரித்துப் பார்க்காததும் சரியே. நானாக இருந்தாலும் பிரித்திருக்க மாட்டேன்.

5. வண்டியோடு அந்தக் குறிப்பும் என் சீட்டும் காவல் நிலையத்துக்குப் போயின. அங்கே இரண்டையும் சேர்த்து வைத்து எழுதிய அறிக்கையில், "42 கட்டு சரவெடி" என்று ஆயிற்று. படம் என்ற சொல் வழியிலேயே இறங்கிவிட்டது. அங்கிருந்து மேலிடத்துக்குப் போன மூன்றாவது அறிக்கையில் யாரோ கணக்கில் கெட்டிக்காரர் நாற்பத்திரண்டைப் பத்தாயிரத்தால் பெருக்கி, "உரிமமின்றிக் கொண்டு செல்லப்பட்ட 4,20,000 வெடிகள்" என்று எழுதிவிட்டார். வண்டியும் மாறவில்லை, லோடும் மாறவில்லை. நான்கு மணி நேரத்துக்குள் காகிதத்தில் மட்டும் வெடி நான்கு லட்சத்தைத் தாண்டிவிட்டது. மூவரும் நேர்மையாக எழுதியவர்கள்தான். கண்ணால் கண்டது எது, பிறர் சொன்னது எது, தாமாகக் கணித்தது எது என்று தனித்தனியாக எழுத அவர்களிடம் இடம்தான் இல்லை.

6. பிற்பகல் மூன்று மணிக்கு நிலைய வாசலில் தீயணைப்பு வீரர்கள் முன்னிலையில் ஆய்வாளர் ஒரு கட்டைப் பிரிக்கச் சொன்னார். செய்தி கேட்டு நானும் அங்கே போயிருந்தேன். உள்ளே அட்டை. அடுத்த கட்டிலும் அட்டை. நிலையமே சிரித்தது. ஆய்வாளர் எங்கள் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, "கொண்டு போய் இறக்குப்பா, கம்பெனிக்காரன் காத்துக்கிட்டு இருப்பான்" என்று அன்பரசனை அனுப்பினார். வழக்குப் பதியவில்லை. அன்றைய நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. இத்தனை பக்குவமாக நடந்துகொண்ட காவலர்கள் நம் ஊருக்கு வாய்த்தது நம் நல்ல நேரம்.

7. ஆனால் கட்டைப் பிரித்துப் பார்த்ததை எவரும் எழுதவில்லை. வழக்கு இல்லை என்பதால் அறிக்கையும் தேவைப்படவில்லை போலும். நான்கு லட்சத்து இருபதாயிரம் வெடியோடு அன்பரசனின் பெயர் மட்டும் ஏட்டில் தங்கிவிட்டது.

8. எட்டு மாதமாக யாருக்கும் இது தெரியாது. இப்போது அன்பரசன் அரசுப் பேருந்து ஓட்டுநராகத் தேர்வாகியிருக்கிறார். அவருடைய அப்பா சங்கிலிமுத்து பிறர் காட்டில் கூலிவேலை பார்த்தவர். அம்மா தங்கத்தாய் இன்றும் தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சி அடுக்கும் வேலை செய்கிறார். அந்தக் குடும்பத்தில் அரசு வேலைக்குப் போகும் முதல் ஆள் இவர். வருகிற 30ஆம் தேதிக்குள் பணியில் சேர வேண்டும். காவல்துறைச் சரிபார்ப்பில், "வெடிபொருள் கடத்தல் தொடர்பாக விசாரிக்கப்பட்டவர்" என்று பதில் வந்திருக்கிறது. பன்னிரண்டு வருடம் வண்டி ஓட்டி ஒருவரையும் இடித்ததில்லை. அதை எழுத எந்த ஏட்டிலும் இடமில்லை.

9. போன வாரம் தங்கத்தாய் வேலைக்குப் போகாமல் என் அச்சகத்துக்கு வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்படவில்லை. "நீங்க படிச்சவுக, ஒரு காயிதம் எழுதிக் குடுங்க தாயி. எம்புள்ள வெடி கொண்டு போகலன்னு நீங்கதான் கண்ணால பாத்தீகளே" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

10. எனவே நான் வேண்டுவது இரண்டு. முதலாவது, மேற்படி கள அறிக்கையில், கட்டுகள் பிரித்துப் பார்க்கப்பட்டதையும் உள்ளே அட்டைப்பெட்டிகளே இருந்ததையும் சேர்த்து, திருத்திய சரிபார்ப்பு அறிக்கையை 30ஆம் தேதிக்கு முன்பாக அனுப்ப உத்தரவிட வேண்டும். ஆய்வாளரும் காவலர் பாலகுருவும் அன்று நடந்ததைச் சொல்லத் தயாராக இருக்கிறார்கள். கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

11. இரண்டாவது, மாவட்டத்தின் எல்லா நிலையங்களுக்கும் ஒரே கள அறிக்கைப் படிவம். பெரிய செலவில்லை, ஒரு பக்கம் போதும். நேரில் கண்டது, பிறர் சொன்னது, கணித்தது என்று மூன்று கட்டம். பொருள் திறந்து பார்க்கப்பட்டதா, யார் முன்னிலையில் என்று ஒரு வரி. கடைசியாக, 'பின்னர் தெரியவந்தது' என்று ஒரு வரி. அதை நிரப்பித் தேதியும் கையெழுத்தும் போடாமல் எந்த அறிக்கையும் முடியக் கூடாது. பல ஏட்டில் திருப்பித் திருப்பி எழுதும் வேலை காவலர்களுக்கும் குறையும். மாதிரி ஒன்றை அச்சடித்து இணைத்திருக்கிறேன். அச்சகக்காரி ஆர்டர் பிடிக்க வந்திருக்கிறாள் என்று தாங்கள் எண்ண வேண்டாம். எந்த அச்சகத்தில் அடித்தாலும் எனக்குச் சந்தோஷமே. எழுத்து மட்டும் சற்றுப் பெரிதாக இருக்கட்டும், ரோட்டோரம் நின்று எழுதுகிறவர்களுக்கு வசதியாக இருக்கும்.

12. என் பங்குக்கு, இப்போதெல்லாம் கட்டின் மேல் பட்டாசு லேபிள் ஒட்டுவதில்லை. 'காலி அட்டைப்பெட்டி' என்று பெரிய எழுத்தில் சிவப்பு மையில் அச்சடித்து ஒட்டுகிறோம், சீட்டிலும் அப்படியே எழுதுகிறோம். கம்பெனிக்காரர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

13. ஒரு முறை மேலே போன அறிக்கையில் ஒரு பெயரை வெறுமனே நீக்க விதியில் வழியில்லை என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அப்படியானால் அன்பரசனின் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. எனக்கு வயது ஐம்பத்தெட்டு. நான் இனி எந்த வேலைக்கும் மனுப்போடப் போவதில்லை.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
இரா. ஸ்ரீமதி

இடம்: சிவகாசி
நாள்: 09.06.2025

இணைப்பு:
1. 18.09.2024 நாளிட்ட சரக்குச் சீட்டு நகல்
2. திரு. ச. அன்பரசனின் பணி நியமன ஆணை நகல்
3. மாதிரிக் கள அறிக்கைப் படிவம்
4. மடித்த காலி அட்டைப்பெட்டி – ஒன்று (பிரித்துப் பார்க்கலாம்)