உங்கள் வலிக்கு நாங்கள் சொன்ன ஆமென்

சிஸ்டர்,

இன்று ஸ்ரீரங்கம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் நெற்றி நிறைய யூகலிப்டஸ் தைலம் தடவியிருந்தாள். வாசனையோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். திருச்சி கன்னியர் மடத்துப் பள்ளியில் நீங்கள் இங்கிலீஷ் டீச்சர், நான் தமிழ் டீச்சர். தலைவலி என்று இதே தைலத்தைப் பூசிக்கொண்டு டீச்சர்கள் அறையில் என் எதிரே உட்கார்ந்திருப்பீர்கள்.

"உங்க ஊர்ல இதுக்கு என்ன சொல்வாங்க?" என்று ஒருநாள் கேட்டேன். நீங்கள் சொன்னது ஐரிஷ் பாஷையில். வீட்டில் பேசியது அதுதான், இங்கிலீஷே ஸ்கூலுக்குப் போய்த்தான் வந்தது என்றீர்கள். ‘தின்னஸ்’ என்றால் ஆதியில் வலி, பிறகு நோய்க்கும் அதுவே ஆகிவந்ததாம். நம் ‘நோய்’கூட நோவிலிருந்து பிறந்ததுதானே என்று துள்ளிக் குதித்தேன். "தா தின்னஸ் ஒரும்" என்றால் ‘நோவு என் மேல் இருக்கிறது’. பசியும் துக்கமும்கூட உங்கள் பாஷையில் ஆள்மேல்தான் இருக்குமாம்.

"எங்களுக்கு எல்லாம் ‘எனக்கு வலிக்குது, எனக்குப் பசிக்குது’ன்னு வரும். உங்களுக்குத் தலையில ஏறி உக்காருதா, பாவம்" என்று கேலி செய்தேன். நாள் முழுக்கச் சிரித்தீர்கள்.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தீர்கள். சாயங்காலம் பார்க்க வந்தேன். மடத்துத் தலைவி மதரும் மற்ற சிஸ்டர்களும் கட்டிலைச் சுற்றி முழந்தாளிட்டிருந்தார்கள். நினைவு தப்பித் தப்பி வந்ததில் உங்களுக்கு இங்கிலீஷும் தமிழும் போயிருந்தன. நீங்கள் முனகினீர்கள். அவர்கள் "ஆமென்" என்றார்கள். மறுபடி முனகல், மறுபடி ஆமென். அப்போது பூசையே லத்தீனில்தான். சிஸ்டர் வாயிலிருந்து புரியாதது எது வந்தாலும் அது ஜெபம்.

எனக்குக் கேட்டது தின்னஸ், தின்னஸ்.

"மதர், அவங்க ஜெபம் சொல்லலைங்க. வலிக்குதுன்னு சொல்றாங்க."

மதரின் ஜெபமாலை அப்படியே நின்றது. நான் குனிந்து, "எங்க வலிக்குது சிஸ்டர்?" என்றேன். வார்த்தை புரிந்ததோ, குரல்தான் புரிந்ததோ, என் கையைப் பிடித்து அடிவயிற்றில் வலப்பக்கம் வைத்தீர்கள். கல்லாக இருந்தது.

டாக்டர் வந்து தொட்டுப் பார்த்தார். "குடல்வால் உள்ளயே உடைஞ்சிருக்கு. காலையிலயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

காலையிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தீர்கள்.

ஆஸ்பத்திரி சேருமுன் போய்விட்டீர்கள். ஜெபம் சொல்லிக்கொண்டே போன ஆத்மா என்று அடக்கத்தில் பேசினார்கள்.

எங்கள் வீட்டில் யாராவது படுத்தால் துளசி தீர்த்தத்துக்கு ஓடுவார்கள். நான் வழிமறித்து நிற்பேன். "முதல்ல எங்க வலிக்குதுன்னு கேளுங்க. வாய் வரலைன்னா கையைக் காட்டச் சொல்லுங்க. பெருமாள் காத்திருப்பார்."