அண்டி ஆபீசும் ஏசி ஆபீசும்

திருவட்டாறு
18.1.2015

அன்பு மகள் ஜெஸ்பினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருக்க கிருபையில இஞ்ச நானும் அப்பாவும் சொகம், அப்பாவுக்க முட்டுவலி எங்க ரெண்டு பேரையும்விட சொகமா இருக்கு. நீ சென்னையில நேரத்துக்குத் தின்னுதியா, உறங்குதியா, எழுது.

மக்களே, நேத்து நீ போனுல சொன்னதக் கேட்டு முதல்ல பயந்துட்டேன், பொறவு சிரிப்புதான் வந்துது. கிறிஸ்மஸ் லீவுக்கு வந்தும் லேப்டாப்ப மடியில வச்சிருந்த. அண்டி ஆபீசுல முந்திரிப்பருப்பு உரிக்குத நானும் தொழிலாளி, ஏசி ஆபீசுல இருக்குத நீயும் தொழிலாளிதான்னு நான் சொன்னதுக்கு, எங்க கம்பெனி ஒரு குடும்பம், உனக்க சங்கத்துக் கதை அங்க எடுபடாதுன்னு எவ்வளவு கோவப்பட்ட. சாயங்காலம் பீட்சா சும்மா தருவாவன்னு பெருமை வேற. எங்க முதலாளியும் நாலு மணிக்குப் பாலில்லாத கட்டஞ்சாயா தந்தாருட்டி, ஆறரை வரைக்கும் உரிக்க வைக்கத்தான். கிட்டுத கூலிக்கு மத்தியானத்துக்குள்ள உழைச்சாச்சு, மிச்ச நேரமெல்லாம் முதலாளிக்குன்னு சங்கத்து வகுப்புல குமாரதாஸ் சார் சொல்லித்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. உனக்க கூலிக்குள்ள வேலை எத்தன மணிக்குத் தீருதுன்னு அந்தக் கம்ப்யூட்டருல போட்டுப் பாரு. முழுசு தனி ஒடஞ்சது தனின்னு நாங்க பருப்பத்தான் தரம் பிரிப்போம், உங்க குடும்பத்துல ஆளையே மார்க்கு போட்டுப் பிரிக்காவளே.

அந்தக் குடும்பம் உன்ன கதவடைச்ச ஒரு முறியில தனியா இருத்தி, நானாட்டு வேலைய விடுதேன்னு எழுதி ஒப்புப் போடுன்னு சொல்ல, நீ போடாம எறங்கி, அதுபோல மாட்டின பன்னெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு லேபர் ஆபீசுக்குப் போயிருக்க. விசாரணை முடியுத வரைக்கும் ஆரையும் வெளிய அனுப்பப்பிடாதுன்னு ஆபீசர் கம்பெனிக்குச் சொல்லிட்டாராமே, இந்தக் கடிதம் கிட்டும்போ நீ வேலைக்குத் திரும்பியிருப்ப. கடைசியில குரலத் தாழ்த்தி, அம்மா, சங்கம் எப்பிடி வைக்கதுன்னு கேட்ட பாரு, பக்கத்துல போனுல காது வச்சு நின்ன அப்பா காப்பிய சட்டையில கொட்டிட்டாரு.

ஒரு காரியம் உங்கிட்ட மறச்சிருக்கேன். நீ ஏழாங்கிளாஸ் படிக்கும்போ எங்க மேனேஜரும் இதே மாதிரி பேப்பர நீட்டினாரு. கொடி பிடிச்சு முன்னால நடந்த நான்தான் பயந்து முதல்ல ஒப்புப் போட்டேன், என்னப் பாத்து மத்தவியளும் போட்டாவ. ஆபீஸ் பூட்டிக் கெடக்குன்னு அப்போ உங்கிட்ட சொன்னது பொய். ஆறு மாசம் கழிஞ்சு புது ஆளாட்டுதான் எடுத்தாவ, பழைய சர்வீஸ் பூராவும் போச்சு. அதனால சங்கம் வைக்கதப் பத்தி எங்கிட்டக் கேக்காத பிள்ளே, நீ எப்பிடி வச்சன்னு எழுது, நான் படிக்கேன்.

கர்த்தர் உனக்கும் கூட நின்னவியளுக்கும் துணையிருப்பாரு. பல்லு டாக்டரப் பாக்க மறக்காத. லேபர் ஆபீசுல குடுத்த மனுவுக்க நகல் ஒண்ணு அனுப்பு. அதுல முதல் பேரு உனக்கதாமே, எனக்குக் கண்ணால பாக்கணும்.

முத்தங்களோட
உனக்க அம்மா
ஜெபகனி