மாரியில் வெட்டிய திராட்சைக் கொடி

மார்கழி 3, புதன்

விடிந்ததிலிருந்து மழை. வாடைக்காற்று வேறு. மேல்மாடி விறாந்தையில் நிற்க முடியவில்லை. துறைமுகம் தெரியவே இல்லை.

பவளத்தின் திராட்சைக் கொடிகள் நாலும் பெயின்ற் வாளிகளில் நனைந்துகொண்டு. இலையெல்லாம் எண்ணெய் பட்டது மாதிரி மஞ்சள் புள்ளி, அடியில் வெள்ளைத் தூள். மருந்து ஏற்றுவதற்குக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "இஞ்சேருங்கோ, மாரியில கொடியைத் தொடாதேங்கோ. பொங்கல் முடிய நான் வந்து வெட்டுறன்."

ஆனால் ஜேர்மனியிலிருந்து அவளுடைய தம்பி ரவி, வீடியோ அழைப்பில். அவனும் பல்கனியில் சாடி வைத்து வளர்க்கிறானாம்.

"அத்தான், இப்ப விண்டர். கொடி நித்திரை. இப்பதான் ஒட்ட வெட்டவேணும். தண்ணி விடாதேங்கோ. வாளிக்குச் சாக்குச் சுத்தி விடுங்கோ."

பெரிய விஞ்ஞானி. நானும் கத்தரியை எடுத்துவிட்டேன். சும்மா இருக்க முடியவில்லை, அதுதான் உண்மை. அவள் அங்கே கட்டிலில், நான் இங்கே கதிரையில். எதையாவது செய்ய வேண்டும் போல. நாலையும் ஒட்ட வெட்டியாயிற்று.

தண்ணீர் விடக்கூடாதாம்! வானத்திடம் யார் சொல்வது?

வாங்க: சீனி, நுளம்புத்திரி, குசினிக்கு பல்ப்.

மார்கழி 5, வெள்ளி

மழை. வெட்டிய நுனியிலெல்லாம் தண்ணீர் சொட்டுகிறது. மழைத்தண்ணீர் அல்ல, கொடிக்குள்ளிருந்து. துடைத்தால் திரும்பவும் சொட்டு. மெழுகுதிரி உருக்கி வைத்தேன், கழன்று விழுந்தது. துணி கட்டினேன், துணியும் நனைந்தது.

கீழ்வீட்டு நசீர் நானா தேங்காய் கொண்டுவந்தவர் பார்த்துவிட்டார். "என்னண்ணே, வெட்டிட்டீங்களா? அவங்க மழைக்குத் தொடமாட்டாங்களே."

"ஜேர்மனியில இப்ப வெட்டுற காலமாம்."

"கொடிக்கு ஜேர்மனி தெரியுமாண்ணே?"

பின்னேரம் பவளத்தின் அழைப்பு. முதல் கேள்வியே "முந்திரிகை எப்பிடி?" திராட்சைக்கு அவள் வாயில் அந்தப் பெயர்தான்.

"நல்லாயிருக்கு. நீர் சாப்பிட்டனீரே?"

"ஓம், வடிவாச் சாப்பிட்டனான்."

மழைக்குச் சிக்னல் இல்லை என்று கமெராவை நான் போடவில்லை. அவளும் போடவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

மார்கழி 9, செவ்வாய்

கொழும்புக்குப் போகப் பை கட்டினேன். பஸ் நிலையத்தில் ஒரே சனம். தம்பலகாமத்தில் ரோட்டுக்கு மேலால் தண்ணீர், பஸ் ஓடாது. மகள் சுகிக்கு எடுத்தேன். அவள்தான் தாயோடு நிற்கிறாள்.

"வந்து என்னப்பா செய்யப்போறியள்? பொம்பிளையள் வாட்டில உங்களால நிக்க ஏலாது."

சரிதான். பையோடு திரும்பி வந்தேன். குடை காற்றுக்கு முறிந்தது. முழங்கால் நோ. பல்ப் மறந்துபோச்சு.

மார்கழி 14, ஞாயிறு

வெயில்! கொஞ்ச நேரம்தான், ஆனாலும். கொடிகளில் கண் வெடித்துத் துளிர் வந்திருக்கிறது. ரோஸ் நிறம், மெல்லிய மயிர். வாய்விட்டுச் சிரித்தேன். ரவி வாழ்க.

நசீர் நானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "வெட்டினா இது துளிர்க்கும்தானேண்ணே. மாரித் துளிர் நிக்காது, அழுகிரும் எண்டு அவங்கதான் சொல்லுவாங்க."

மத்தியானம் திரும்ப மழை. வாளிகளை அறைக்குள் இழுத்தேன். உள்ளே வெளிச்சம் இல்லை. திரும்ப வெளியே. தார்ப்பாய் கட்டினேன், காற்றுக் கொண்டுபோயிற்று. துறைமுகத்தில் எத்தனை கப்பலை வடம் போட்டுக் கட்டியவன்! நாலு வாளியைக் காப்பாற்றத் தெரியவில்லை.

மார்கழி 18, வியாழன்

துளிரெல்லாம் கறுத்துவிட்டது. தொட்டால் கையோடு வருகிறது, ஈரக் கடுதாசி மாதிரி. தண்டைக் கீறிப் பார்த்தேன். மூன்று வாளியில் உள்ளே மண்ணிறம். நாலாவதைக் கீறவில்லை. பயம்.

பொங்கலுக்கு அவள் வந்து எதை வெட்டுவாள்?

இரவுச் சாப்பாடு பாண்.

மார்கழி 19, வெள்ளி

சுகி எடுத்தாள், வாட்டுக்கு வெளியே நின்று. "அப்பா, சொல்லவேண்டாம் எண்டு அம்மா சத்தியம் வாங்கினவ. கஞ்சி கூட இறங்குதில்லை. தலைமயிரெல்லாம் கொட்டிப்போச்சு. உடம்பு தாங்காதெண்டு மருந்தை நிப்பாட்டி வைச்சிருக்கினம்."

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அழுதாள். ரோட்டில் இன்னும் தண்ணீர்.

மார்கழி 20, சனி

மழை. இன்றைக்கு உள்ளதைச் சொல்லிவிடுவது என்று இருந்தேன். வெட்டியதை, கறுத்ததை, எல்லாவற்றையும். பின்னேரம் எடுத்தாள். குரல் மிகவும் மெலிந்து.

"முந்திரிகை எப்பிடி?"

"நல்லாத் துளிர்த்திருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

"மாரியிலயோ?" என்றாள்.

"ஓம்."

"அப்ப நல்லது. நானும் வடிவாச் சாப்பிடுறன்."