திருப்பிப் பார்த்த படம்

அன்புள்ள வள்ளிக்கு,

நம் ஊர் சாம்பியன் ரீப்ஸில் குளிர் தொடங்கியிருக்கும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எழுதப்போவது மூன்று:

1. நான் நலம்.
2. படம் பொருந்திவிட்டது!
3. பொங்கலுக்கு வருகிறேன்.

இங்கே ஜெர்மனியில், ரப்பர் கலந்த பிளாஸ்டிக் துண்டை இரண்டு கருவிகளில் படம் எடுக்கிறோம். ஒன்று விரிசலைக் காட்டும். மற்றது ரப்பர் இருக்கும் இடத்தைக் காட்டும். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பொருந்தவே இல்லை. என்னால் ஆகாது என்று வேலையை விடவிருந்தேன். நேற்று உடன் வேலை செய்யும், நம் ஊருக்குப் பக்கத்துப் பங்காருபேட்டைப் பெண் அக்ஷயா, "இன்னா சார், ஒரு தடவ துண்டக் கவுத்து வெச்சி எடுத்துக்கீறீங்களே!" என்று சிரித்தாள். அந்தப் படத்தை இடவலமாகத் திருப்பினேன். ஒவ்வொரு விரிசலும் ஒரு ரப்பர் துளியில் போய் நின்றிருந்தது! நான் கத்தியே விட்டேன்.

என் சாம்பல் நிற ஸ்வெட்டரை அனுப்பு.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு, வள்ளி. சித்திரை வரை இருக்கச் சொன்னார்கள். உன்னைக் கேட்காமலே சரி என்றுவிட்டேன்.

கோதண்டராமன்